முதல் பெட்டி சின்னதாகவே இருக்கட்டும்

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மகனுக்கு ஒன்பது வயது முடியப்போகிறது. அம்பத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகனின் அலமாரி முழுக்க, துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிற ரோபோ பொம்மைகள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இவனுக்கும் அதே ஞாபகம். இதுவரை எதையும் கட்டிப் பழக்கமில்லை. பிறந்தநாளுக்கு வாங்கலாம் என்று தேடினால் முந்நூறு ரூபாயிலிருந்து ஒன்பதாயிரம் வரைக்கும் இருக்கிறது. "வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா ஒண்ணு வாங்கிடலாம்" என்கிறார் என் கணவர். சின்ன வயதில் தான் ஆசைப்பட்ட, லெகோவின் பயோனிக்கிள் பொம்மைதான் நல்லது, பழசு கிடைக்கும் என்கிறான் என் தம்பி. என்னால் 1,500 ரூபாய் வரை செலவழிக்க முடியும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா எங்களோடுதான் இருக்கிறார். பேரனோடு உட்கார்ந்து செய்ய அவருக்கும் ஆசை. வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் உண்டு. எதை வாங்கட்டும்?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஜப்பானின் பண்டாய் நிறுவனம் புதியவர்களுக்காகச் செய்யும் 'என்ட்ரி கிரேடு' வரிசையில் வரும் ஆர்எக்ஸ்-78-2 கன்டம் வாங்குங்கள். வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு நிறமும் உள்ள ரோபோ. நிறுத்தினால் ஒரு சாண் உயரம்கூட வராது. உங்கள் 1,500-க்குள் அடங்கும். கத்தரி வேண்டாம், பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம். பையனுக்கு ரோபோவைவிட சூப்பர் ஹீரோ பைத்தியம்தான் அதிகம் என்றால் மட்டும், லெகோவில் ஸ்பைடர்மேனோ அயர்ன்மேனோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ரோபோ, அதாவது 'மெக்' பெட்டிகளைப் பாருங்கள். நூற்றைம்பது துண்டுகளை ஒட்டி இருக்கும். ஒன்பது வயதுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் முழங்கால் மடங்காது. உங்கள் பையன் அம்பத்தூரில் பார்த்து மயங்கியது மண்டி போட்டு நிற்கிற, வாளை ஓங்கி நிற்கிற ரோபோக்களாகத்தான் இருக்கும். முழங்கால் மடங்காவிட்டால் முதல் நாளே முகம் சுருங்கிப்போகும். அதனால்தான் கன்டம் என்கிறேன்.

பெரம்பூரில் நான் கடை வைத்துப் பதினான்கு வருஷமாகிறது. அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு செய்யும் பட்டறையில் வேலை. அதனால் எந்தப் பெட்டியை எடுத்தாலும் மேலே உள்ள படத்தைவிட உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைத்தான் பார்க்கத் தோன்றும். அந்தக் கண்ணால் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த மாதிரி கிட்டுகளில் பாகங்கள் தனித்தனியாக வராது. ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும். உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் ஓடுகிற வாய்க்கால்தான் ஆறிப்போய் அந்தச் சட்டமாகிறது. ரன்னர் என்போம். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய மடை இருக்கிற மாதிரி, ரன்னரிலிருந்து ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சின்ன வாசல் இருக்கும். அதுதான் கேட். சாதாரண கிட்டில் கேட் தடிமனாக இருக்கும். நிப்பர் என்கிற சின்ன வெட்டுக்குறடால் வெட்டி, மிச்சம் நிற்கும் பிசிரைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் சலித்துப்போகிறார்கள். என்ட்ரி கிரேடில் அந்த வாசலையே மெலிதாக்கிவிட்டார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பாகத்தைப் பிடித்து லேசாக முறுக்கினால், 'டக்' என்று கையோடு வந்துவிடும். வந்த இடத்தைத் தடவினால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி தட்டுப்படும், அவ்வளவுதான். அதுவும் பெரும்பாலும் பூட்டிய பிறகு உள்ளே மறைந்துவிடும். ஒரே சட்டத்தில் பல நிறம் வார்க்கிற இயந்திரங்களை பண்டாய் வைத்திருக்கிறது. சிவப்புக்கு வேறு மோல்டு, மஞ்சளுக்கு வேறு மோல்டு என்று பிழைத்த எனக்கு அதை முதலில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற "பெருசா ஒண்ணு". அவர் மனசு எனக்குப் புரிகிறது. கொடுத்தால் நிறைவாகக் கொடுக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். கடை ஆரம்பித்த இரண்டாவது வருஷம், பத்து வயதுப் பையனோடு ஒரு அப்பா வந்தார். அலமாரியிலேயே பெரிய பெட்டியைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து அந்தப் பையன் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். திறந்தால், எல்லா பாகமும் வெட்டிக் குவித்துக் கிடந்தது. ஆசையில் முதல் நாளே அத்தனை சட்டத்தையும் வெட்டிவிட்டான். பாகத்தின் எண் பாகத்தில் இருக்காது, சட்டத்தில்தான் இருக்கும். சட்டம் குப்பைக்குப் போயாயிற்று. முந்நூறு துண்டுக்கு மேல், எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு கையும் பாதித் தலையும் மட்டும் தேறியது. "அண்ணா, இதுக்கு மேல சேர மாட்டேங்குது" என்றான். அன்று விற்றவன் நான்தான். அதற்கப்புறம் புதிதாக வருகிற எந்தப் பிள்ளைக்கும் பெரிய பெட்டியை நான் எடுத்துக் கொடுப்பதில்லை.

அளவைப் பற்றி ஒரு விளக்கம், கடையில் குழப்பம் வராமல் இருக்க. 1979-இல் தொலைக்காட்சியில் வந்த கதையில் இந்த ரோபோ 18 மீட்டர் உயரம். நம் பக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 1/144 என்று இருந்தால் 18 மீட்டரை 144-ஆல் வகுத்த உயரம், பன்னிரண்டரை செ.மீ. 1/100 என்றால் 18 செ.மீ. 1/60 என்றால் 30 செ.மீ. பெட்டியில் வரிசையின் பெயரும் இருக்கும். என்ட்ரி கிரேடு, எச்.ஜி. (ஹை கிரேடு), ஆர்.ஜி. (ரியல் கிரேடு) மூன்றும் 1/144. எம்.ஜி. (மாஸ்டர் கிரேடு) 1/100. பி.ஜி. (பெர்ஃபெக்ட் கிரேடு) 1/60. இதில் ஆர்.ஜி.யிடம் மட்டும் கவனமாக இருங்கள். பெட்டி சின்னது, எம்.ஜி.யைவிட விலை குறைவு, படம் அட்டகாசமாக இருக்கும். புதியவர்கள் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். 2010-இல் வந்த வரிசை அது. பெரிய ரோபோவில் இருக்கும் நுணுக்கத்தையெல்லாம் பன்னிரண்டரை செ.மீ.க்குள் அடைத்திருப்பார்கள். சில துண்டுகள் அரிசி மணி அளவுதான். ஒன்பது வயது விரலுக்கும் உங்கள் அப்பாவின் கண்ணுக்கும் அது இப்போது வேண்டாம்.

உங்கள் தம்பி சொன்ன பயோனிக்கிளுக்கு வருகிறேன். அவர் ஆசையில் தப்பே இல்லை. லெகோ 2001-இல் கொண்டுவந்த அந்த வரிசை, கட்டி விளையாடுகிற பொம்மை என்றால் என்ன என்பதையே மாற்றியது. அட்டைப்பெட்டியில் வராது, பிளாஸ்டிக் டப்பாவில் வரும். நெருப்புக்கு டாஹு, நீருக்கு காலி, பனிக்கு கோபாகா, மண்ணுக்கு ஓனுவா, கல்லுக்கு போஹாட்டு, காற்றுக்கு லேவா என்று ஆறு வீரர்கள், ஆறு முகமூடிகள். டாஹுவின் முதுகில் ஒரு பல்சக்கரம் இருக்கும். அதை விரலால் உருட்டினால் கை வாளோடு மேலும் கீழும் வீசும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. ஒரு சக்கரம் இன்னொன்றைத் தள்ளுகிறது என்பதைப் பிள்ளை தன் விரலிலேயே உணர்கிற மாதிரி செய்தார்கள். இன்றைக்கும் யாராவது பழைய டாஹுவைக் கடைக்குக் கொண்டுவந்தால் முதலில் அந்தச் சக்கரத்தைத்தான் உருட்டிப் பார்ப்பேன்.

ஆனால் 2010-இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2015-இல் திரும்பக் கொண்டுவந்து 2016-லேயே முடித்தார்கள். இன்று கிடைப்பது எல்லாம் பழசு, கை மாறி வருவது. பழைய பயோனிக்கிளின் உயிர் பந்துக்கிண்ண மூட்டில் இருக்கிறது. நம் தோள்பட்டை மாதிரியே, ஒரு உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்து எந்தப் பக்கமும் சுழலும். பல வருஷம் அந்த இறுக்கத்திலேயே இருந்த கிண்ணம் மெல்ல மெல்ல வெடிக்கும். அதிலும் 2007, 2008 காலத்து எலுமிச்சைப் பச்சை நிற மூட்டுகள் இதற்குப் பேர்போனவை. கழற்றி மாட்டினாலே பிளக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை பத்து முறை கழற்றுவான், பதினொரு முறை மாட்டுவான். முதல் நாளே கையில் உடைந்தால் 'நான்தான் உடைச்சிட்டேன்' என்று நினைத்துக்கொள்வான். அது அவன் தப்பு இல்லை என்று எத்தனை சொன்னாலும் ஏறாது. தம்பிக்கு ஆசையாக இருந்தால் அவருக்காக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும், பையன் மாமாவோடு சேர்ந்து பார்க்கட்டும். வாங்கும் முன் ஒவ்வொரு கிண்ணத்தின் ஓரத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு வாங்கச் சொல்லுங்கள்.

முந்நூறு ரூபாய்ப் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரையோடு வருகிற உள்ளூர்க் கட்டைச் செட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, விலை குறைவு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் முத்திரையும் இல்லாமல், தயாரிப்பாளர் பெயரும் இல்லாமல், வேறு ஒருவரின் ரோபோவை அப்படியே நகலெடுத்து வருவதைத் தொடாதீர்கள். திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடை அடிக்கும். பாகங்களின் ஓரத்தில் பிசிர் கையைக் கிழிக்கும். ஒரு மூட்டு கல் மாதிரி இறுகியிருக்கும், இன்னொன்று தொளதொளவென்று தொங்கும். லெகோ மாதிரி நல்ல இடங்களில் மோல்டை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியத்துக்குச் செய்கிறார்கள். காசு அதற்குத்தான் போகிறது. வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டு நீங்கள் திகைத்திருந்தால், அதற்குக் காரணம் வரி. 2020-இல் பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது.

உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும்தான் எனக்கு இந்தக் கடிதத்துக்கு விரிவாக எழுதத் தோன்றியது. கோச் பெட்டிகளைப் பூட்டிய கை, இதைவிட நல்ல துணை அந்தப் பையனுக்குக் கிடைக்காது. ஆனால் ஃபிட்டர் கைக்கு மூன்று பழக்கம் இருக்கும், அந்த மூன்றும் இங்கே ஆகாது. மூட்டு இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடத் தோன்றும். வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக்கில் எண்ணெய் பட்டால், இறுகிப் பூட்டியிருக்கும் இடத்தில் நாளடைவில் விரிசல் விடும். இரும்புக்கு நல்லது செய்வது இதற்குக் கெடுதல். இரண்டாவது, பாகம் நிற்குமா என்ற சந்தேகத்தில் பசை வைக்கத் தோன்றும். 1980 ஜூலையில் முதல் கன்டம் கிட் 300 யென்னுக்கு வந்தபோது உண்மையிலேயே பசை போட்டுத்தான் ஒட்டினார்கள், பெயின்ட்டும் தானே அடிக்க வேண்டும். இன்று எல்லாம் அழுத்திப் பூட்டுவதுதான். பசை ஒரு சொட்டு மூட்டுக்குள் இறங்கினால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும். மூன்றாவதுதான் கஷ்டம்: பையன் தப்பாக மாட்டும்போது வாங்கி, "இப்படிடா" என்று தானே செய்துவிடத் தோன்றும். அப்பாவுக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். விளக்கத் தாளைப் பார்த்து "ஏ சட்டத்தில் ஐந்து" என்று எண் சொல்வதும், பையன் பிய்த்ததைச் சரிபார்ப்பதும் அவருடையது. பூட்டுவது பையன் மட்டும். தாளில் எழுத்து ஜப்பான் மொழியில் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். படமும் எண்ணுமே போதும், டிராயிங் பார்த்து வேலை செய்தவருக்கு அது ஒன்றுமே இல்லை.

பிறந்தநாள் அன்று கூட்டத்துக்கு நடுவே பெட்டியைத் திறக்காதீர்கள். மறுநாள் மதியம், சின்னவள் தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்காரட்டும். அவள் வயதுக்கு இதில் உள்ள ஒவ்வொரு துண்டும் வாயில் போட்டு விழுங்கக்கூடிய அளவுதான், அதில் துளி அலட்சியம் கூடாது. பாய் விரித்து, நடுவே எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று வையுங்கள். பாகம் விழுந்தால் 'டிங்' என்று சத்தம் கேட்கும், விளிம்பு தடுக்கும், உருண்டு பீரோவுக்கு அடியில் போகாது. என் கடை மேசையிலும் தாம்பாளம்தான். தாளில் அந்தக் கட்டத்துக்கு எத்தனை பாகம் காட்டியிருக்கிறதோ அத்தனை மட்டும் பிய்க்க வேண்டும், தாம்பாளத்தில் வைத்து எண்ண வேண்டும், பூட்ட வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. கையும் காலும் வரும்போது இடது வலது குழம்பும். தாளில் வலது கை என்று இருந்தால் அது ரோபோவுக்கு வலது, நமக்கு எதிரே நின்றால் இடது பக்கம் தெரியும். தப்பாகப் பூட்டிவிட்டால் கத்தியை உள்ளே விட்டு நெம்பாதீர்கள். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் மூலையை இடுக்கில் நுழைத்து, மெல்ல இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தளர்த்தினால் விட்டுவிடும். எழுந்திருக்கும் முன் காலிச் சட்டங்களையும் எண்ணி எடுத்து ஒரு பையில் கட்டி வையுங்கள், அதன் முனைகள் கூர்மையாக இருக்கும். ரோபோ எழுந்து நிற்கும் வரை அவற்றைக் குப்பையில் போடவும் வேண்டாம்.

ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை மடக்கி மண்டியிட வைப்பான், தாத்தா முன்னால் நிமிர்த்தி நிறுத்துவான். அந்த மாலை கிடைக்காத பிள்ளைக்கு இரண்டாவது பெட்டி வாங்கி என்ன பிரயோஜனம்?

அப்புறம் பராமரிப்பு. ஜன்னலில் வெயில் படும் இடத்தில் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். லாரி ஓடுகிற சாலைப் பக்கம் வீடு என்றால் மூட்டில் தூசு அடையும். பழைய, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும், தேய்க்க வேண்டாம். ஆறு மாதம் விளையாடி மூட்டு தளர்ந்து கை தானாகவே கீழே விழுந்தால், உருண்டையைக் கழற்றி, நிறமில்லாத நகப்பாலிஷை ஒரே ஒரு மெல்லிய பூச்சாகத் தடவி, இரவு முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். உலராமல் மாட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

அம்பத்தூர் அண்ணனின் அலமாரி அளவுக்கு உடனே போக வேண்டும் என்று பையன் கேட்பான். இதையே ஒரு முறை முழுக்கக் கழற்றி, தாளைப் பார்க்காமல் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். முக்கால்வாசி வந்துவிட்டால் அடுத்து எச்.ஜி. ஒன்று வாங்கலாம். அதற்கு நிப்பர் வேண்டும். வீட்டில் வயர் வெட்டுகிற கட்டிங் பிளேயர் உதவாது, பாகத்தை நசுக்கி வெள்ளைத் தழும்பு விட்டுவிடும். வாயின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் நிப்பர் வேண்டும், அந்தத் தட்டைப் பக்கம்தான் பாகத்தை ஒட்டி நிற்க வேண்டும். முதல் வெட்டு பாகத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, இரண்டாவது வெட்டு ஒட்டி. அதை வாங்கப் போகும் நாளில் அப்பாவையும் கூட்டிப் போங்கள். வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடைவெளி தெரிகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
பெரம்பூர்க் கடைக்காரர்